கேஸ்க் (பீப்பாய்) கோல்டன் ஏல்: வெள்ளிக்கிழமை அவ்வளவு வாசனை, செவ்வாய்க்கிழமை புளிப்பு. ஏன்?

பிரிஸ்டல்வாசி கேட்டது:

இங்கிலாந்து வந்து எட்டு மாசம் ஆகுது. அதுவரைக்கும் எனக்கு பீர்னா கண்ணாடி வேர்க்கிற அளவுக்குக் குளிர்ந்த லாகர்தான். போன வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவர் ஒரு பப்புக்குக் கூட்டிட்டுப் போனார். ஹேண்ட்பம்ப்ல இழுத்து ஊத்துற கோல்டன் ஏல்ங்கிற பீர் அரை பைண்ட் வாங்கிக் கொடுத்தார். 4 சதவீதம் ஆல்கஹால்தான். புது வைக்கோல் நிறம். வாய்கிட்ட கொண்டு போறதுக்குள்ளேயே பம்ப்ளிமாஸ் தோலை உரிச்ச வாசனை. விழுங்கினதுக்கு அப்புறம் நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் நார்த்தை இலையைக் கடிச்ச மாதிரி ஒரு கசப்பு, ரொம்ப நேரம் நின்னுச்சு. வீட்டுக்கு நடந்து வரும்போதும் அது வாயில இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை அதே பப்புக்குத் தனியா போனேன். அதே பம்ப், அதே பீர். வாசனையே இல்லை, நுரை உடனே அடங்கிடுச்சு, கடைசியில ஒரு புளிப்பு. பாதியிலேயே வச்சிட்டு வந்துட்டேன். ஜில்லுனு இல்லாததாலயா? இல்லை, இந்த வகையே இப்படித்தானா? எனக்கு அந்த வெள்ளிக்கிழமை பீர் திரும்ப வேணும்.

நிலவறைக்காரர்:

தம்பி, உங்க நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. பீப்பாயைத் திறந்து எத்தனை நாளாச்சுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. நான் சால்ஸ்பரியில ஒரு பப்போட நிலவறையை ஒன்பது வருஷம் பார்த்துக்கிட்டவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நீங்க குடிச்சுப் பழகின லாகர்ல பெரும்பாலும் ஈஸ்டை வடிகட்டி எடுத்துடுவாங்க. வாயு அழுத்தம்தான் அதைக் குழாய்ல தள்ளும். கேஸ்க்ல, அதாவது நீங்க குடிச்ச பீப்பாய் பீர்ல, ஈஸ்ட் உயிரோட வரும், பீப்பாய்க்குள்ளேயே ரெண்டாம் தடவை நொதிக்கும். நாக்குல மெதுவா குறுகுறுக்குதே, அது அப்படிப் பிறந்த வாயு. பீப்பாயைச் சட்டத்துல படுக்க வச்சு, மேல்துளையில காத்து கசியற மரக்குச்சி ஒண்ணை அடிப்போம். மிச்ச வாயு அது வழியா நுரைச்சு வெளியே வரும். குச்சித் தலையைத் துடைச்சுவிட்டு, நுரை திரும்ப வர எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். அடங்கினதும் அதைப் பிடுங்கிட்டு இறுக்கமான கட்டை. மண்டி அடியில படிஞ்சு தெளிஞ்ச பிறகுதான் ஊத்தலாம். அவசரப்பட்டா கலங்கல், அசந்துட்டா வாயு போன பீர்.

ஊத்த ஆரம்பிச்சதும்தான் உங்க பிரச்சினை தொடங்குது. வெளியே போற ஒவ்வொரு பைண்டுக்கும் ஈடா உள்ளே காத்து போகும். ஃபர்கின்ங்கிற பீப்பாய் ஒண்ணுன்னா 9 கேலன், அதாவது 72 பைண்ட். மூணு நாளுக்குள்ள காலி ஆகணும்னு நான் கணக்கு வச்சிருந்தேன். அதைத் தாண்டினா முதல்ல ஹாப் (பீருக்கு வாசனையும் கசப்பும் தர்ற கொடிப்பூ) வாசனை போகும், அப்புறம் நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை, கடைசியில காடி. நீங்க வெள்ளிக்கிழமை குடிச்ச பீப்பாய்தான் செவ்வாய்க்கிழமையும் ஓடிக்கிட்டு இருந்திருக்கும்.

எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆகலை. எங்க ஊரு உடன்குடிப் பக்கம், தாத்தா பனை ஏறினவர். கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா கள். விடியக்காலையில இறக்கின கள்ளு சாயங்காலம் வேற சரக்கு. தாத்தா கலயத்தை மூக்குகிட்ட கொண்டு போயே நேரம் சொல்லிடுவார். நிலவறையில குனிஞ்சு மோந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

கோல்டன் ஏல்ல மட்டும் ஏன் இவ்வளவு பட்டவர்த்தனமா தெரியுது? ஸ்டவுட்ங்கிற கறுப்பு பீர்ல வறுத்த தானியம் இருக்கு, பிட்டர்ங்கிற பழுப்பு ஏல்ல கேரமல் மால்ட் (முளைகட்டின தானியம்) இருக்கு. சின்னக் கோளாறு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். இதுல வெளிர் மால்ட்டும் ஹாப்பும்தான். குழம்புல மறையறது ரசத்துல மறையாது இல்லையா, அப்படி.

ஜில்லுனு இல்லாததைக் குறை சொல்லாதீங்க. 11லேருந்து 13 டிகிரிதான் இதுக்குச் சரி. லாகர் மாதிரி 4 டிகிரிக்குக் கொண்டு போனா அந்தப் பம்ப்ளிமாஸ் உங்க மூக்குக்கு வந்திருக்காது.

இந்த வகை பழசும் இல்லை. சோமர்செட்ல எக்ஸ்மோர் கோல்ட் வந்தது 1986ல. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி சால்ஸ்பரி ஹாப் பேக் ஆலையோட சம்மர் லைட்னிங். லாகர் குடிக்கிறவங்களையும் ஹேண்ட்பம்ப் பக்கம் கொண்டுவந்த பீர்கள் இவை. 2001ல ஓக்கம் ஆலையோட ஜே.எச்.பி., 2005லயும் 2006லயும் க்ரவுச் வேல் ஆலையோட ப்ரூவர்ஸ் கோல்ட், நாட்டின் சிறந்த பீர்னு கேம்ராங்கிற பீர் குடிக்கிறவங்க அமைப்போட பரிசை வாங்கின வெளிர் நிற ஏல்கள். அந்த ப்ரூவர்ஸ் கோல்ட்ங்கிறது ஒரு ஹாப் வகையோட பேர். கனடாவோட மனிடோபாவிலேருந்து வந்த காட்டுக்கொடியோட வாரிசு, கென்ட்ல வை கல்லூரியில பேராசிரியர் சால்மன் உருவாக்கினது.

இனிமே போனா கூட்டம் இருக்கிற பப், பம்ப் குறைவா இருக்கிற பப் பாருங்க. நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிற இடத்துல எட்டு பம்ப் இருந்தா யோசிங்க. கடை திறந்ததும் வர்ற முதல் கிளாஸ் ராத்திரி முழுக்கக் குழாய்ல நின்னது, அதை அவங்களே இழுத்துக் கொட்டியிருக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாய் ருசி கேளுங்க, கூச்சமே வேண்டாம். கலங்கியோ புளிச்சோ இருந்தா திருப்பிக் கொடுங்க. நல்ல பப்ல மறுபேச்சு இல்லாம மாத்தித் தருவாங்க. அந்தப் பாதி கிளாஸை நீங்க மேசையில விட்டுட்டு வந்தது எனக்கு வருத்தமா இருக்கு. சொல்லியிருந்தா அந்தப் பீப்பாயை அப்பவே கழட்டியிருப்பாங்க.

லீட்ஸ் அக்கா:

அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் திருத்தணும். கலங்கலா இருந்தாலே கெட்டதுன்னு இல்லை. மண்டியைச் சீக்கிரம் படிய வைக்கப் போடறது ஐசிங்ளாஸ், மீனோட காற்றுப்பையிலேருந்து எடுக்கிறது. நான் சைவம், அதனால கேட்டுட்டுத்தான் குடிப்பேன். அதைப் போடாமலே விக்கிற ஆலைகள் இப்போ நிறைய இருக்கு, அந்த பீர் லேசா மங்கலாத்தான் இருக்கும். பம்ப்ல ஒட்டியிருக்கிற அட்டையில பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. முதல்ல மூக்கை நம்புங்க, கண்ணை அப்புறம்.

இன்னொண்ணு, எங்க வடக்குப் பக்கம் பம்ப் மூக்குல ஸ்பார்க்லர்னு சின்னத் துளைகள் உள்ள மூடி மாட்டி ஊத்துவாங்க. நுரை வெண்ணெய் மாதிரி கெட்டியா நிக்கும். பழுப்பு பிட்டருக்கு அது எனக்கு உயிர். ஆனா ஹாப் தூக்கலா இருக்கிற கோல்டன் ஏலுக்கு அதைக் கழட்டிட்டு ஊத்தச் சொல்வேன். வாசனை நுரையிலேயே தங்கிடுது, அடியில இருக்கிற பீர் மழுங்கிடுது.

நிலவறைக்காரர்:

மங்கல் விஷயம் சரிதான்மா, நான் அதைச் சொல்லியிருக்கணும். ஸ்பார்க்லர்லயும் உங்க கட்சிதான் நான்.

பிரிஸ்டல்வாசி:

நேத்து சனிக்கிழமை, வேற பப். மூணே பம்ப், நிக்க இடமில்லை. ஒரு வாய் ருசி கேட்டேன், அந்த அம்மா சின்ன கிளாஸ்ல ஊத்திக் கொடுத்துட்டு, "மத்தியானம்தான் திறந்தோம்"னு அவங்களாவே சொன்னாங்க. வேற ஆலையோட கோல்டன் ஏல், 3.8. இதுல பம்ப்ளிமாஸ் இல்லை, எலுமிச்சைப் பூவும் கொஞ்சம் புல் வாசனையும். கசப்பு முதல் தடவையை விட மெலிசு, ஆனா அதே இடத்துல, நாக்கோட ஓரத்துல. ஒரு பைண்ட் முழுசா நின்னுக்கிட்டே குடிச்சேன்.

பழைய பப்புக்கு வெள்ளிக்கிழமை திரும்பப் போறேன். அண்ணா, எப்போ திறந்தீங்கன்னு முதல்ல கேட்டுட்டுத்தான் வாங்குவேன்.