புதுப்பிப்பு: பைலட் கனவு போச்சு, ஏரோஸ்பேஸில் ஒரு வருஷம்

போன வருஷம் இங்கே புலம்பியது ஞாபகம் இருக்கலாம். பைலட் ஆசை, ஆனால் நிறம் பிரித்தறியும் சோதனையில் தேறவில்லை. ஏவியேஷன் சயின்ஸா, ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங்கா என்று கேட்டிருந்தேன்.

ஏரோஸ்பேஸில் சேர்ந்துவிட்டேன். ஏவியேஷன் சயின்ஸ் பெரும்பாலும் விமானத்தை இயக்குவது, விமான நிலைய நிர்வாகம், பாதுகாப்பு பற்றியது. எனக்கு விமானத்தை வடிவமைப்பதில், அதுவும் இறக்கை மேல்தான் கண்; அதற்கு ஏரோஸ்பேஸ்தான் சரி. "ஏர் டிராஃபிக் கன்ட்ரோலுக்குப் போயேன்" என்றவர்களுக்கு: அந்த வேலைக்கும் நிறப்பார்வைச் சோதனை உண்டு!

இந்த வருஷத்தில் மறக்கமுடியாதது காற்றுச் சுரங்க (மாதிரி இறக்கை மேல் காற்றை வேகமாக வீசிப் பார்க்கும் கூடு) லேப்தான். நாக்கா 0012 என்ற இறக்கை வடிவம். அந்த 12, இறக்கையின் அதிகபட்ச தடிமன் அதன் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளத்தில் 12 சதவீதம் என்பதைக் குறிக்கிறது. மேலே சின்னச் சின்ன நூல்களை ஒட்டியிருந்தோம். காற்றுக்கு எதிரே இறக்கையின் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியபோது முதலில் நூலெல்லாம் சமர்த்தாகப் படிந்து கிடந்தது. 12 டிகிரி தாண்டியதும் பின்பக்க நூல்கள் துடித்து, முன்னோக்கித் திரும்பின. ஸ்டால்! அதாவது காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்து, தூக்குவிசை சரிவது. புத்தகத்தில் நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறாதது அரை நிமிஷத்தில் புரிந்தது.

கணக்குதான் உயிரை வாங்குகிறது. ஒரு பேப்பர் அரியர்.

வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போதைக்கு ஸ்ட்ரக்சர்ஸ் (விமான உடலின் வலிமையைப் பார்க்கும் பிரிவு) பக்கம் சாய்கிறேன். 1954இல் காமெட் என்ற பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்தபோது, அதே ரக இன்னொரு விமானத்தின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை மாறி மாறி ஏற்றி இறக்கி உலோகக் களைப்புதான் (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு உலோகம் விரிசல் விடுவது) காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த மாதிரி வேலை கிடைத்தால் போதும்.