உறுதியாகாமல் நிற்கும் அந்த ஒரு தொடர்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டைபோல்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அமெச்சூர் ரேடியோ, ஆறு மீட்டர் அலைவரிசை, எஃப்டி8, அதாவது கணினி வழியே பதினைந்து விநாடிக் குறுஞ்செய்திகளாகப் பேசும் முறை. மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு தீவு. பேண்ட் திறந்து, அதாவது அந்த அலைவரிசையில் தூரத்துக்கு அலை எட்ட ஆரம்பித்து, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் கால்சைனுக்கு (நிலையத்தின் அடையாளப் பெயர்) பதில் வந்துவிட்டது, என் சிக்னல் அவருக்கு -17 டெசிபல் என்று. நான் ஆர்-12 அனுப்பினேன், ‘கிடைத்தது, உங்கள் சிக்னல் இங்கே -12’ என்று அர்த்தம். அடுத்த பதினைந்து விநாடி திரையில் எதுவும் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் எதுவும் இல்லை. பதினொரு முறை அனுப்பியிருக்கிறேன், பிறகு எண்ணிப் பார்த்தேன். நான்காவது முறைக்கு அப்புறம் வாட்டர்ஃபாலில் (சிக்னல்கள் கோடுகளாக ஓடும் திரைப் பகுதி) அவருடைய கோடு இருந்த இடத்தில் மங்கலாக ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது, நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், பாதியிலேயே கரைந்துவிட்டது. டீகோட் ஆகவில்லை, எழுத்தாக மாறவில்லை.

அவரும் ‘கிடைத்தது, வாழ்த்துகள்’ என்று முடிக்கும் ஆர்ஆர்73 வராததால் லாக்கில் (தொடர்புகளின் பதிவேடு) போடவில்லை. அதோடு விட்டுவிட்டேன். ஏழு மாதம் கழித்து வேறு எதற்கோ கிளப் லாக் என்ற இணையதளத்தில் அவருடைய லாகைத் தேடும்போது என் கால்சைனையும் தட்டிப் பார்த்தேன். ஆறு மீட்டர் கட்டத்தில் குறி இருக்கிறது! அவர் என்னை லாகில் போட்டிருக்கிறார்.

இப்போது நான் அந்த ஒரே ஒரு வரியை டிக்யூஎஸ்எல் மென்பொருளில் கையெழுத்திட்டு ஏற்றினால் போதும், இருவர் லாகையும் ஒப்பிட்டு உறுதிசெய்யும் இணையச் சேவையான லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் (எல்ஓடிடபிள்யூ) உறுதியாகிவிடும். நேரம் முப்பது நிமிஷத்துக்குள் பொருந்தினால் போதுமே, மென்பொருள் தானாக எழுதிவைக்கும் ஆல்.டிஎக்ஸ்டி கோப்பில் விநாடி வரைக்கும் நேரம் இருக்கிறது. அந்தக் கோப்பை நேற்றுகூடத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். அவருடைய -17 இருக்கிறது. அதற்குக் கீழே அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஏற்றவும் மனம் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மூன்றுபுள்ளி

எனக்கு நடந்தது மறுபக்கம் இருந்து. நான் ஒரு தீவுக்குப் போன குழுவில் மோர்ஸ் இயக்குபவன், முப்பது மீட்டர், நல்ல பைல்-அப், ஒரே நேரத்தில் நிறையப் பேர் கூப்பிடும் நெரிசல். திரும்பி வந்து லாகை ஏற்றிய பத்து நாளில் ஒருவர் எழுதினார், நான் உங்களோடு பேசினேன், லாகில் இல்லை, தயவுசெய்து பாருங்கள் என்று. பார்த்தேன், இல்லை. இல்லை என்று பதில் போட்டேன். மறுபடி எழுதினார். அந்தக் கடிதத்தில் கோபம் இல்லாததுதான் என்னை உறுத்தியது. அவர் எழுதிய நேரத்துக்கு அருகில் பார்த்தால் கடைசி எழுத்து மட்டும் வேறாக ஒரு கால்சைன், எஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஹெச். மோர்ஸில் மூன்று புள்ளிக்கும் நான்கு புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்.

அதிர்ஷ்டவசமாக அந்த இரவு முழுக்க ஒலிப்பதிவு செய்திருந்தோம். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் தெளிவாக மூன்று புள்ளி அனுப்புகிறார். நான் நான்காகத் திருப்பி அனுப்புகிறேன். அவர் உடனே கால்சைனை மறுபடி அனுப்புகிறார், கடைசி எழுத்தைத் தனியாக இரண்டு முறை, இடைவெளி விட்டு, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. அதன்மேல் நான் ‘டியூ’ (நன்றி) அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். நான் கவனிக்கவே இல்லை. அவர் திருத்தியது பதிவில் அப்படியே இருக்கிறது.

திருத்தி ஏற்றினேன், மறுநாளே அவருக்கு உறுதியானது. பழைய தவறான வரி எல்ஓடிடபிள்யூவில் அப்படியேதான் நிற்கிறது, நாமாக அழிக்க வழி கிடையாது, யாரோடும் பொருந்தாமல் கிடக்கும்.

டைபோல், நீங்கள் கேட்டதற்கு என் பதில்: நான் திருத்தியது என் காதால் கேட்டதை வைத்து. நீங்கள் ஏற்றினால் கிளப் லாகில் பார்த்ததை வைத்து ஏற்றுகிறீர்கள். வேண்டாம்.

வடக்குக்காற்று

என்னுடையது சின்ன விஷயம். புது லேப்டாப், நேர மண்டலம் தவறாக இருந்தது, கடிகாரத்தை மட்டும் கையால் சரிசெய்துவிட்டேன். பார்க்க உள்ளூர் நேரம் சரி, உள்ளே யூடிசி (உலகப் பொது நேரம்) தப்பு. எஃப்டி8-க்கு விநாடி சரியாக இருந்தால் போதும் என்பதால் எல்லாம் ஜோராக ஓடியது, ஒரு குளிர்காலம் முழுக்க 412 தொடர்புகள். ஒன்றுகூட உறுதியாகவில்லை. கடைசியில் ஒருவர் எழுதினார்: “நீங்கள் சொல்லும் நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் நண்பரே, ஆனால் நாம் பேசினோம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.” அந்த வரியைப் படித்தபிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதலில் யூடிசி. அப்புறம் எல்ஓடிடபிள்யூவுக்குக் கையெழுத்திடும் சான்றிதழ், அது மூன்று வருஷத்துக்குத்தான், முடிவதற்கு முன்னாலேயே புதுப்பித்துவிடுங்கள். சான்றிதழ் கேட்கும்போது முதல் தொடர்பின் தேதி என்று ஒன்று கேட்கும், அதை அந்தக் கால்சைனில் நீங்கள் உண்மையில் பேசிய முதல் நாளுக்குப் போடுங்கள், இன்றைய தேதியைப் போட்டுவிட்டுப் பழைய லாகெல்லாம் ஏறவில்லையே என்று திண்டாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விண்ணப்பித்த கணினியில்தான் உங்கள் ரகசியச் சாவி இருக்கிறது, வரும் கோப்பை அதே கணினியில்தான் திறக்க வேண்டும், நடுவில் அந்தக் கணினியை அழித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கிடைத்ததும் காப்புப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வீடு மாறினால் பழைய ஸ்டேஷன் லொகேஷனைத் திருத்தாதீர்கள், புதிதாக ஒன்று உருவாக்குங்கள். ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுவதற்கு முன்னால் அவர் கடைசியாக எப்போது ஏற்றினார் என்று பாருங்கள், எல்ஓடிடபிள்யூவிலேயே தெரியும், போன வருஷத்தோடு நிறுத்தியவரிடம் நேற்றைய தொடர்பைக் கேட்டு என்ன பயன். டிஎக்ஸ்சிசி விருதுக்கு 100 நாடு தேடுகிறவர்கள் இக்யூஎஸ்எல்லில் (இன்னொரு இணைய உறுதிச் சேவை) வந்ததை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அதை அங்கே ஏற்கமாட்டார்கள். ரிக்கும் (ரேடியோ) லாகும் பேசிக்கொள்ளும் கேபிள் நடுவில் கழன்றால் மென்பொருள் பழைய பேண்டையே போட்டுக்கொண்டிருக்கும், அதையும் அரை மணிக்கு ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

டைபோல் விஷயத்தில் எனக்குத் தனிக் கருத்து இல்லை.

சாய்கம்பி

மூன்றுபுள்ளி சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தீவுக்காரர் டைபோலின் ஆர்-12 கிடைத்துத்தானே லாகில் போட்டார்? ஆர்ஆர்73 அனுப்பாமல் போட்டிருப்பாரா? இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் அலை போய்வந்தது உண்மை, கிளப் லாகின் குறி அதற்குச் சாட்சி. உண்மையில் நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வது என்ன நேர்மை? ஏற்றுங்கள்.

என் அனுபவம் வேறு. விடுமுறையில் ஒரு மலைமேல் போய் இரண்டு நாள் இயக்கினேன், 61 தொடர்பு, ஏற்றும்போது லொகேஷனை மாற்ற மறந்து எல்லாம் வீட்டு கிரிட்டில் (இடத்தைக் குறிக்கும் வரைபடக் கட்டம்) போய்விட்டது. 2024 மே நடுவிலிருந்து ஜூலை 1 வரை எல்ஓடிடபிள்யூ மூடியிருந்ததே, அந்தச் சமயத்தில்தான் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கிரிட் சேர்ப்பவர். என் வீட்டுக் கிரிட் அவருக்குத் தேவையான ஒன்று, என் தவறால் அது அவர் கணக்கில் உறுதியாகியிருந்தது. “நீங்கள் அன்று மலைமேல் இருப்பதாகச் சொன்னீர்கள், இது எனக்குச் சேர வேண்டியது இல்லை, சரிசெய்துவிடுங்கள்” என்று எழுதியிருந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சேவை திரும்பிய அன்றே சரியான லொகேஷனோடு மறுபடி ஏற்றினேன். மலையின் கிரிட் அவரிடம் ஏற்கெனவே இருந்ததுதான்.

மூன்றுபுள்ளி

சாய்கம்பி, உங்கள் கதையே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. அந்த மனிதர் செய்ததைத்தான் நான் டைபோலிடம் கேட்கிறேன்.

எஃப்டி8 2017-இல் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே விண்கல் எரிந்து விட்டுச்செல்லும் தடத்தில் அலையைத் தெறிக்கவிட்டுப் பேசினவர்கள் இந்தப் பிரச்சினையைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு கால்சைனும் கிடைக்க வேண்டும், ரிப்போர்ட் கிடைக்க வேண்டும், அது கிடைத்தது என்ற உறுதியும் கிடைக்க வேண்டும். இரண்டு பேருக்கும். கடைசி 73 (வாழ்த்து) மரியாதைக்கு, அது வராவிட்டால் பரவாயில்லை. டைபோலுக்கு விட்டுப்போனது 73 இல்லை, உறுதி.

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்ஆர்73 என்பதையே, திரும்ப அனுப்பத் தேவை வராது என்று ஓரளவு நம்பிக்கை இருந்தால்தான் பயன்படுத்த வேண்டும் என்று எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. ஆறு மீட்டரில் -17, பேண்ட் மூடிக்கொண்டிருக்கிறது, அப்போது எங்கிருந்து வரும் அந்த நம்பிக்கை? அவர் ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல்லும் சாதாரண ஆர்ஆர்ஆர் அனுப்பி, டைபோலின் 73 வரும்வரை காத்திருந்து, அப்புறம் லாகில் போட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

சாய்கம்பி

விதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தீவுக்காரரைக் குறை சொல்லாதீர்கள், வரிசையில் எத்தனை பேர் நின்றார்களோ, பேண்ட் எத்தனை நிமிஷம் இருந்ததோ.

பழையசாவி

எல்லோரும் ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஏற்றவே மாட்டேன் என்பவரைப் பற்றி நான் சொல்கிறேன். நாற்பது மீட்டரில் மோர்ஸில் அரை மணி நேரம் பேசினோம், அவசரமில்லாத கை, எழுத்துக்கு எழுத்து அழகு. அவர் நாடு எனக்குப் புதிது. எல்ஓடிடபிள்யூவில் தேடினேன், இல்லை. இக்யூஎஸ்எல்லில் இல்லை.  எழுதிக் கேட்டேன். “நான் காகிதத்தில்தான் லாக் வைக்கிறேன், தொடர்பை உறுதிசெய்யும் அட்டை அனுப்புங்கள், கட்டாயம் பதில் வரும்” என்றார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அப்போது. அட்டை அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்துப் பதில் அட்டை வந்தது. ஊதா மையில் கையெழுத்து, என் லாகை விட ஒரு நிமிஷம் முந்திய நேரம், பின்பக்கம் அவருடைய ஆன்டெனாவைப் பென்சிலில் வரைந்திருந்தார், இரண்டு மரத்துக்கு நடுவில் கம்பி, ஒரு மரத்தின் பக்கத்தில் “காற்றடித்தால் இது வளையும்” என்று ஒரு குறிப்பு. அன்று பேசும்போது அவருடைய சிக்னல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் அதை அயனி அடுக்கின் வேலை என்று நினைத்திருந்தேன். மரமாகவும் இருந்திருக்கலாம் என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன்.

வடக்குக்காற்று, உங்கள் அறிவுரை எல்லாம் சரிதான், ஆனால் ஏற்றாதவர்களைக் கொஞ்சம் வேறு மாதிரி நினையுங்கள். கடைசியாக ஏற்றிய தேதியைப் பார்த்து ஒதுக்கிவிட்டிருந்தால் எனக்கு அந்த அட்டை வந்திருக்காது.

வடக்குக்காற்று

ஒதுக்கச் சொல்லவில்லை ஐயா, எழுதுவதற்கு முன்னால் பார்க்கத்தான் சொன்னேன். இருந்தாலும் நீங்கள் சொல்வது புரிகிறது. அந்த அட்டையை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

டைபோல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தீவுக்காரருக்கே எழுதினேன். உறுதிசெய்து தாருங்கள் என்று கேட்கவில்லை, அன்று உங்கள் பக்கம் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். என் பக்கம் -17-க்குப் பிறகு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். இன்று காலை பதில். அவருடைய ஆல்.டிஎக்ஸ்டியில் இருந்து அந்த இரண்டு நிமிஷத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார். என் ஆர்-12 அவருக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது, முதல் முறையும் நான்காவது முறையும். அவர் இரண்டுக்குமே ஆர்ஆர்73 அனுப்பியிருக்கிறார். அந்த நான்காவதற்கு அவர் அனுப்பிய பதில்தான் நான் வாட்டர்ஃபாலில் பார்த்த கோடு. நேரம் விநாடிக்கு விநாடி பொருந்துகிறது. அதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாய்கம்பி, நீங்கள் சொன்னபடி அலை வந்தது உண்மைதான். மூன்றுபுள்ளி, எனக்கு அது எழுத்தாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். ஏற்றவில்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன், வேண்டுமானால் உங்கள் லாகில் வைத்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று. “அப்படியானால் மறுபடி செய்வோம், இந்த முறை நான் ஆர்ஆர்ஆர் அனுப்புகிறேன்” என்று எழுதியிருக்கிறார். அடுத்த முறை பேண்ட் திறக்கும் பருவத்தில் 50.313 மெகாஹெர்ட்ஸில் மாலைகளில் கேட்டுக்கொண்டிருப்பாராம். ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிள் இணைப்பில் கொஞ்சம் பச்சை பூத்திருக்கிறது, அதை இந்த வாரமே மாற்றிவிடப் போகிறேன்.

73