கிணற்றுத் தண்ணீரில் நிலைக்காத சவர நுரை

உரும்பிராய்வாசி எழுதியது:

வணக்கம். கடந்த தை மாதம் எங்கள் பழைய வீட்டைத் திருத்தியபோது அப்பப்பாவின் றங்குப் பெட்டிக்குள் ஓர் உலோக றேசர் கிடைத்தது. பிடி, அடித்தட்டு, மேல்மூடி என்று மூன்று துண்டுகளாகக் கழலும் அந்த றேசரின் அடித்தட்டில் ஜில்லெட் என்ற பெயரும் இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டிருந்தன. பழைய பற்தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் கொண்டு தேய்த்தபோது அழுக்கு எல்லாம் கழன்று பளபளப்பு வந்தது. சந்தைக்கு அருகிலுள்ள கடையில் இருபக்க பிளேட் ஒரு பெட்டி வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். நேற்றுச் செய்த றேசருக்கு வாங்கியது போல அது அப்படியே பொருந்தியது.

அதுவரை முகச்சவரம் என்பது, வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் பிளாஸ்டிக் றேசரால் 3 நிமிடத்தில் முடித்துவிடும் ஒரு தொல்லையாகவே எனக்கு இருந்தது. இப்போது அதிகாலையில் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவைத்து, கோப்பையில் நுரை எழுப்பி, அரை மணித்தியாலம் ஆறுதலாக இதைச் செய்கிறேன். நாளின் மற்ற எந்த வேலையிலும் எனக்கு இவ்வளவு மனநிறைவு கிடைப்பதில்லை. ஆகையால் இதை முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

எனது பெரிய கவலை நுரைதான். கொழும்பிலிருந்து நண்பர் அனுப்பிய நல்ல சவரச் சவர்க்காரம் ஒன்றைத்தான் பாவிக்கிறேன். ஆனால், எவ்வளவு நேரம் தூரிகையைச் சுழற்றினாலும், முகத்தில் பூசி அரை நிமிடம் ஆவதற்குள் நுரை மெலிந்து, திரைந்த பால் போல் பொருக்குப் பொருக்காகிவிடுகிறது. காணொளிகளில் மற்றவர்களுக்கு வரும் தடித்த, வழவழப்பான நுரை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அத்துடன் கழுத்தின் இடப்பக்கம் சிவந்து சிறு கொப்புளங்கள் வருகின்றன. பிழை சவர்க்காரத்திலா, பிளேட்டிலா, அல்லது எனது கையிலா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டும்.

இரசாயன ஆசிரியர் எழுதியது:

தம்பி, நுரையைப் பொறுத்தவரையில் பிழை உங்கள் கையிலும் இல்லை, சவர்க்காரத்திலும் இல்லை. அது உங்கள் கிணற்றில் இருக்கிறது. நான் இளைப்பாறும்வரை இரசாயனவியல் படிப்பித்தவன். கல்சியம் போன்றவற்றின் உப்புகள் கரைந்த தண்ணீரை வன்னீர் என்போம். இந்த வன்னீர்ப் பாடத்தை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருந்தும், 50 வயதுக்குப் பிறகு சவரத் தூரிகையைக் கையில் எடுத்தபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்பதையே நாங்கள் கிணறுகளில் அள்ளுகிறோம். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததற்குக் காரணமான அதே சுண்ணாம்புக்கல்தான் உங்கள் நுரையையும் கெடுக்கிறது. காபனீரொட்சைட்டு கரைந்த மழைநீர் அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைப்பதால், தண்ணீரில் கல்சியம் இருகாபனேற்று சேர்கிறது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலங்களின் சோடியம் அல்லது பொற்றாசியம் உப்பு. கல்சியத்தைச் சந்தித்தவுடன் அது தண்ணீரில் கரையாத கல்சியம் உப்பாக மாறிப் படிந்துவிடும். நீங்கள் பொருக்கு என்று எழுதியதும், குளியலறை வாளியின் விளிம்பில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொள்வதும் அதுதான். சவரச் சவர்க்காரத்தில் ஸ்ரீயரிக் அமிலம் நிறைய இருக்கும். நுரைக்குத் தடிப்பையும் நிலைப்பையும் கொடுப்பது அதுவே. ஆனால் கல்சியம் முதலில் பிடித்துக்கொள்வதும் அதைத்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு போத்தல்களில், ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் மழைநீரும் பாதியளவு நிரப்பி, நகத்தளவு சவர்க்காரத் துண்டை இரண்டிலும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைநீர்ப் போத்தலில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் மெல்லிய படையும் கலங்கலும் மட்டுமே இருக்கும். மழைநீர் இல்லாவிட்டால், மின்கலத்துக்கு ஊற்றுவதற்கென்று விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரால் இந்தப் போத்தல் சோதனையைச் செய்யலாம்.

பரிகாரம் எளிது. ஒருமுறை நுரை எழுப்புவதற்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் போதும். முழுக் கிணற்றையும் மென்னீராக்க வேண்டிய தேவை இல்லை. தூரிகை நனைவதற்கும் நுரை எழுவதற்கும் ஒரு கோப்பை நல்ல தண்ணீர் இருந்தால், முகத்தைக் கழுவுவதைக் கிணற்றுத் தண்ணீரிலேயே செய்யலாம். அந்த ஒரு கோப்பைக்கு மிகச் சிறந்தது மழைநீர். கூரையின் தூசியெல்லாம் முதல் மழையோடு போனபின் பிடித்த தண்ணீராக அது இருக்க வேண்டும். மழையில்லாத மாதங்களில், தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே உள்ளதை மட்டும் வடித்தெடுங்கள். கொதிக்கும்போது இருகாபனேற்று சிதைந்து, கல்சியம் காபனேற்றாக அடியில் தங்கிவிடும். தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்திலின் உள்ளே படியும் வெள்ளைப் படை அதுவே. ஆனால் கொதிக்கவைத்தல், இருகாபனேற்றால் வரும் தற்காலிக வன்மையை மட்டுமே நீக்கும். தீவுப்பகுதியில் இருப்பவர்களின் உவர்த்தண்ணீருக்கு இந்த முறை உதவாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னுமொன்று, இப்போது சோளகக் காற்று வீசும் காலம். வெளியில் நின்று சவரம் செய்தால், நல்ல நுரைகூடக் காற்றில் காய்ந்துபோகும். எனவே முதலில் தூரிகையில் சவர்க்காரத்தை அரை நிமிடமாவது தாராளமாக ஏற்றி, பிறகு கோப்பையில் சில துளிகளாகத் தண்ணீர் விட்டுச் சுழற்றி, மீண்டும் சில துளிகள் விட்டு, நுரையின் மேற்பரப்பில் ஈரமினுக்கம் தெரியும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது அல்லது சவர்க்காரம் போதவில்லை. மினுக்கமில்லாமல் பஞ்சுபோல் நின்றால் தண்ணீர் போதவில்லை. கட்டித் தயிரைக் கரண்டியால் எடுத்தால் எப்படி நிற்குமோ அப்படி நிற்க வேண்டும். இந்தப் பக்குவம் கைக்கு வருவதற்கு எனக்கு ஒரு மாதம் சென்றது. அந்த மாதத்தின் ஒவ்வொரு காலையும் எனக்கு விருப்பமானதாக இருந்தது.

கொக்குவில் சலூன் எழுதியது:

ஆசிரியர் ஐயா தண்ணீரைப் பற்றி எழுதியது முற்றிலும் சரி. எங்கள் தகப்பனார் சலூனில் ஒரு பானை மழைநீரை எப்போதும் மூடிவைத்திருந்ததன் காரணம் எனக்கு இன்றுதான் விளங்கியது. அவர் அதை "முகத்தண்ணி" என்று சொல்வாரே தவிர, ஏன் என்று ஒருநாளும் விளக்கவில்லை.

கழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 25 ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர்களின் கழுத்துகளைப் பார்த்து வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது, கழுத்தின் இடப்பக்கத்தில் மயிர் எந்தத் திசையில் வளர்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை என்பதுதான். கன்னத்தில் பெரும்பாலானோருக்கு மயிர் மேலிருந்து கீழாக வளரும். கழுத்தில் அப்படி ஒரு பொதுவிதி கிடையாது. சிலருக்குக் கீழிருந்து மேலாகவும், சிலருக்குக் காதுப்பக்கம் சரிந்தும், சிலருக்குச் சுழியாகவும் வளரும். இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் எல்லாத் திசைகளிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிச் செல்லும் திசையே மயிர் வளரும் திசை. முரடாகத் தடுக்கும் திசை அதற்கு எதிர்த்திசை. முதல் முறை எப்போதும் வளரும் திசையிலேயே வழிக்க வேண்டும். இரண்டாம் முறை நுரையை மறுபடி பூசிக் குறுக்காக வழிக்கலாம். எதிர்த்திசையில் வழிப்பதைக் கழுத்து முழுமையாக ஆறும்வரை நினைக்கவே வேண்டாம். அடியோடு வெட்டப்பட்ட மயிர் தோலுக்குக் கீழே இறங்கி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்து வளர்வதாலேயே பல கொப்புளங்கள் உண்டாகின்றன.

அடுத்தது அழுத்தம். பிளாஸ்டிக் றேசரால் பழகிய கை அழுத்தித்தான் இழுக்கும். உலோக றேசருக்கு அதன் பாரமே போதும். பிடியின் நுனியை விரல்களால் மட்டும் பிடித்து, மேல்மூடியை முதலில் தோலில் வைத்து, பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேட்டின் விளிம்பு தோலைத் தொடும் இடத்தில், ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், மயிர் வெட்டுப்படும் மெல்லிய ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டுக்கொண்டிருந்தால் சரிவு சரி. மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத சிறு சிறு இழுப்புகளாகச் செய்யுங்கள். குளித்த உடனே, அல்லது முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைத்த பின்னர் தொடங்குங்கள். தண்ணீரை உறிஞ்சிய மயிர் மிக இலகுவாக வெட்டுப்படும்.

பிளேட்டைப் பொறுத்தவரை, ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. பழகாத கைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அஸ்ட்ரா, டெர்பி போன்றவற்றில் எது கிடைக்கிறதோ அதையே குறைந்தது 2 கிழமை பாவியுங்கள். நாளுக்கொரு பிளேட்டை மாற்றினால் பிழை கையிலா பிளேட்டிலா என்று ஒருபோதும் தெரியாது. ஒரு பிளேட்டை 4 அல்லது 5 சவரங்களுக்குப் பின் மாற்றிவிடுங்கள். பழைய பிளேட்டுகளைக் குப்பையில் அப்படியே எறிய வேண்டாம், அள்ளுபவரின் கை வெட்டுப்படும். வெறும் பால்மாப் பேணியின் மூடியில் ஒரு கீறல் வெட்டி, அதற்குள் போட்டு வாருங்கள். முடிவில் படிகாரக் கட்டியை நனைத்து முகத்தில் தடவினால் சிறு கீறல்களில் இரத்தம் நிற்கும். எங்கு எரிகிறதோ அங்கு அழுத்திவிட்டீர்கள் என்றும் அறியலாம். அந்தக் கட்டியை வீட்டில் வேறு யாரும் பாவிக்கக் கூடாது.

எங்கள் தகப்பனார் ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த மடிப்புக் கத்தியைத் தோற்பட்டையில் தீட்டித்தான் வேலை செய்தார். இன்று சலூன்களில் இருபக்க பிளேட்டை இரண்டாக முறித்து, ஆளுக்கொரு புதிய பாதியைக் கத்தியில் செருகுகிறோம். சுகாதாரத்துக்கு இதுவே சரி. ஆனாலும் அந்தக் கத்தியை நான் இன்னும் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.

மானிப்பாய் வாசகி எழுதியது:

எனது கணவரின் பிறந்தநாளுக்கு ஒரு தூரிகையும் சவர்க்காரமும் வாங்கிக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். நாங்கள் சைவ உணவுக்காரர். தூரிகைகள் பன்றிமயிரால் செய்யப்படுபவை என்றும், சவர்க்காரத்தில் மாட்டுக்கொழுப்புச் சேர்க்கப்படுவதாகவும் கேள்விப்பட்டேன். இவை இல்லாதவற்றை எப்படி அடையாளம் காண்பது?

ஐல்வேர்த் தமிழன் எழுதியது:

அக்கா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பன்றிமயிரிலும் பட்ஜர் என்னும் விலங்கின் மயிரிலும் தூரிகைகள் செய்கிறார்கள். ஆனால் செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது மிக நன்றாக வருகின்றன. ஊறவைக்கத் தேவையில்லை, மாரிகாலத்திலும் கெதியாகக் காய்ந்துவிடும், விலையும் குறைவு. சைவம் என்ற காரணம் இல்லாவிட்டாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைத்தான் சொல்வேன். சவர்க்காரத்தின் உறையில் சோடியம் டாலோவேட் அல்லது பொற்றாசியம் டாலோவேட் என்று இருந்தால், அது விலங்குக் கொழுப்பில், பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில், செய்தது. ஸ்ரீயரிக் அமிலம் என்று மட்டும் இருந்தால் அது தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். ஆகவே வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று வெளிப்படையாக அச்சிட்டதையே வாங்குங்கள்.

உரும்பிராய்த் தம்பிக்கு ஒரு சிறு செய்தி. நான் இருக்கும் லண்டனின் ஐல்வேர்த்தில்தான், 1930களில் ஜில்லெட் நிறுவனம் கட்டிய தொழிற்சாலையின் மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் கிரேட் வெஸ்ட் றோட்டில் நிற்கிறது. உங்கள் அப்பப்பாவின் றேசர் அங்கே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். கிங் கேம்ப் ஜில்லெட் 1904 இல் காப்புரிமை பெற்ற அந்த மெல்லிய இருபக்க பிளேட்டின் அடிப்படை அளவு அதன்பின் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் சந்தையில் வாங்கிய பிளேட் உங்களுக்கு உடனே பொருந்தியது. முன்னர் பிளேட்டுகள் துருப்பிடிக்கும் காபன் உருக்கில் இருந்தன. 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் சோர்ட் கறைபடா உருக்கு பிளேட்டைக் கொண்டுவந்த பிறகே மற்றவர்களும் மாறினார்கள். லண்டன் தண்ணீரும் வன்னீர்தான். கேத்திலில் எனக்கும் அதே வெள்ளைப் படை வருகிறது.

உரும்பிராய்வாசி எழுதியது:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. போத்தல் சோதனையை, மின்கலத்துக்கென்று விற்கும் நீருடன் அன்று மாலையே செய்தேன். ஆசிரியர் ஐயா எழுதியபடியே இரண்டு போத்தல்களும் இரண்டு வேறு சவர்க்காரம் போட்டவை போல நின்றன. எனது 7 வயது மகள் அவற்றை எடுத்துப்போய் அயல் வீடுகளிலெல்லாம் காட்டிவிட்டாள்.

கடந்த 9 நாட்களாக, முதல்நாள் இரவு கொதிக்கவைத்து வடித்த தண்ணீரையே பாவிக்கிறேன். நுரை, சோதனையில் அந்த மின்கல நீரில் எழுந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் முதன்முறையாக, சவரம் முடியும்வரை முகத்திலேயே நின்றது. அதன்மேல் றேசர் வழுக்கிப் போகும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியவில்லை. கொக்குவில் அண்ணா சொன்னபடி தடவிப் பார்த்ததில், கழுத்தின் இடப்பக்கத்தில் மயிர் காதை நோக்கிச் சரிந்து வளர்வது தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் அதை நேர் எதிராக வழித்து வந்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் ஒரேயொரு முறை மட்டும் வழிக்கிறேன். சிவப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது, தாடையின் கீழே ஒரு கொப்புளம் மட்டும் இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு இன்னும் சில கிழமைகள் உள்ளன. பின்விறாந்தைப் பீலியைக் கழுவிவிட்டேன். அதன் கீழே வைப்பதற்கு அம்மாவிடம் பழைய கிடாரம் ஒன்றைக் கேட்டிருக்கிறேன்.