கலைச்சொல் தேவை: ஆவரேஜ் டெய்லி அட்டெண்டன்ஸ்

நண்பர்களே,

கலிபோர்னியா சார்ட்டர் பள்ளிகளுக்கு (அரசுப் பணத்தில் தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளிகள்) மாநிலம் தரும் பணத்தின் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. "சராசரி வருகை" என்று எழுதினால் படிப்பவர் விழுக்காடு என்று எடுத்துக்கொள்கிறார். இது விழுக்காடு அல்ல, ஆள் கணக்கு. மாணவர்கள் வந்த நாள்களையெல்லாம் கூட்டிப் பள்ளி நடந்த நாள்களால் வகுக்க வேண்டும். 300 பேர் சேர்ந்த பள்ளி 175 நாள் நடந்து, வருகை மொத்தம் 49,350 என்றால் விடை 282. பணம் 282 பேருக்குத்தான் வரும். காய்ச்சலில் படுத்த பிள்ளை வராத நாளும் கணக்கில் ஏறாது. ஆனால் வாடகையும் ஆசிரியர் சம்பளமும் 300 பேருக்கு உரியவை.

"வருகைத் தலையெண்" சரிவருமா?

-----

> "வருகைத் தலையெண்" சரிவருமா?

ஐயா, தலையெண் என்றால் ஒரு நாள் நிற்கவைத்து எண்ணியது போலாகிறது. அப்படி எண்ணும் மாநிலமும் உண்டு. மிச்சிகனில் அக்டோபரில் ஒரு நாள், பிப்ரவரியில் ஒரு நாள் எண்ணி, முன்னதற்கு 90, பின்னதற்கு 10 விழுக்காடு மதிப்புத் தருகிறார்கள். தலையெண்ணை அதற்கு விட்டுவைப்போம்.

"நாள்வருகையர்" என்று முன்மொழிகிறேன். "282 நாள்வருகையர்" என்று எழுதினால் யாரும் விழுக்காடாகப் படிக்க முடியாது.

-----

> "நாள்வருகையர்" என்று முன்மொழிகிறேன்.

எனக்கு உடன்பாடு. "மாணவர் எண்ணிக்கை" என்ற பொதுச்சொல் இங்கே ஏன் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். 2013-14 முதல் உள்ள கலிபோர்னிய நிதி வாய்பாட்டில் அடிப்படைத் தொகை வகுப்பு வாரியாக நாள்வருகையரைப் பெருக்கி வருகிறது. அதன்மேல், வறிய குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புக் காப்பில் உள்ளோர் ஆகியோரின் பங்குக்கு ஏற்ப 20 விழுக்காடு கூடுதல் தொகை உண்டு. அந்தப் பங்கு 55 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு 65 விழுக்காடு செறிவுத் தொகையும் சேரும். ஆனால் அந்தப் பங்கைக் கணக்கிடுவது நாள்வருகையரை வைத்து அல்ல, அக்டோபர்ச் சேர்க்கைப் பதிவை வைத்து! ஒரே வாய்பாட்டில் இரண்டு எண்கள். இரண்டையும் "மாணவர் எண்ணிக்கை" என்று பெயர்த்தால், அதை நம்பி வரவு செலவுத் திட்டம் போடுபவர் வரவைக் கூட்டிக் காட்டிவிடுவார்.

சொல்லைப் புழக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"ஏப்ரல் 15-க்குள் முடியும் கடைசிப் பள்ளி மாதம் வரையிலான நாள்வருகையரே ஆண்டுத் தொகையை முடிவு செய்வர். ஜூலை முதல் ஜனவரி வரை முன்பணம் சென்ற ஆண்டு நாள்வருகையர்படி வரும். பிப்ரவரியிலிருந்து இந்த ஆண்டுக் கணக்குப்படி திருத்தப்படும்."

சிக்கல் இங்கேதான். மாணவர் குறைந்த பள்ளிக்கு ஜனவரி வரை பணம் தாராளமாகத் தெரியும். பிப்ரவரிக்குப் பிறகு, கூடுதலாக வந்ததையும் சேர்த்துக் கழிப்பார்கள். ஆசிரியர் ஒப்பந்தமோ ஆகஸ்டிலேயே கையெழுத்தாகிவிடும். பள்ளி மாவட்டங்கள் (வட்டாரப் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) முந்தைய ஆண்டு எண்ணையோ மூன்றாண்டுச் சராசரியையோ காட்டலாம். சார்ட்டர் பள்ளிக்கு அந்தத் தாங்கல் கிடையாது. எனவே நிர்வாகக் குழு சேர்க்கையை வைத்துச் செலவு ஒதுக்கக் கூடாது. மாதந்தோறும் நாள்வருகையரைப் பார்க்க வேண்டும்.

-----

இந்த இழையில் சொல் நிலைபெற்றுவிட்டது என்று கொள்கிறேன். பக்கத்திலேயே பெயர் தேவைப்படும் இன்னொன்று நிற்கிறது: "இன் லியூ ஆஃப் பிராப்பர்ட்டி டாக்ஸ்". சார்ட்டர் பள்ளிக்குச் சொந்த வரிப்பரப்பு இல்லை. சொத்துவரி பள்ளி மாவட்டத்துக்குப் போய், அதில் சார்ட்டர் பள்ளியின் பங்கை மாவட்டம் மாதாமாதம் மாற்றித் தருகிறது. மாநிலம் அந்தத் தொகையைத் தன் உதவியில் முன்கூட்டியே கழித்துவிடுவதால், மாவட்டம் தாமதித்தால் கையில் காசு இருக்காது. "சொத்துவரிக்கு ஈடான தொகை" என்றால் பள்ளி வரி கட்டாமல் வேறேதோ கட்டுவது போல் தொனிக்கிறது. "சொத்துவரிப் பங்குமாற்று" என்று வைக்கலாமா? மேற்பார்வைக் கட்டணம் இதில் கலக்கக் கூடாது. அது பள்ளியிடமிருந்து அனுமதி தந்த அமைப்புக்குப் போவது. உச்சவரம்பு 1 விழுக்காடு, ஏறத்தாழ வாடகையின்றிக் கட்டடம் தந்தால் 3.