ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் இடத்தைத் தின்பது எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இசட்ஓடிபியில் (பைத்தான் ஆப்ஜெக்டுகளை அப்படியே சேமிக்கும் டேட்டாபேஸ்) ஓடும் ஒரு தளத்தைப் பராமரிக்கிறேன். அதன் தரவு இருக்கும் டேட்டா.எஃப்எஸ் கோப்பை பேக் செய்து, அதாவது பழைய பிரதிகளை நீக்கி, சுருக்கினாலும் சீக்கிரமே பழையபடி வீங்கிவிடும். ஏற்றப்படும் படங்கள்தான் காரணம் என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்க்கும்வரை எதையும் நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் அளக்க உட்கார்ந்தேன்.

பைத்தானின் கெட்சைஸ்ஆஃப் இதற்கு உதவாது. அது நினைவகத்தில் மேலோட்டமான அளவைத்தான் சொல்லும்; வட்டில் கிடப்பதோ பிக்கிள் செய்த, அதாவது சேமிப்பதற்காக வரிசையாக மாற்றிய, பைட்டுகள். ஆப்ஜெக்டின் ஓஐடியை, அதாவது அடையாள எண்ணை, ஸ்டோரேஜின் லோட் முறைக்குக் கொடுத்தால் அந்தப் பைட்டுகள் அப்படியே வரும், அதன் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் 42 பைட் தலைப்பு தனி. இப்படிப் படிக்கும்போது ஆப்ஜெக்டை நினைவகத்தில் உயிர்ப்பிக்கத் தேவையில்லை என்பதால் முழு டேட்டாபேஸையும் சுற்றி வந்தாலும் நினைவகம் ஏறாது.

அப்புறம் ஸ்டோரேஜ் இட்டரேட்டரில் பரிவர்த்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, கிளாஸ் பெயர்வாரியாக பைட்டுகளைக் கூட்டினேன். பட்டியலின் உச்சியில் படம் எதுவும் இல்லை. பக்கப் பார்வைகளை எண்ணும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட்தான் இருந்தது. அதற்குள் சாதாரண டிக்ஷனரி ஒன்று, தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் சேர்த்து. யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் ஓர் எண் மாறும். ஆனால் டிக்ஷனரிக்குத் தனி ஓஐடி கிடையாது; தாய் ஆப்ஜெக்டின் பிக்கிளுக்குள்ளேயே கிடக்கிறது. ஆக ஓர் எண்ணுக்காக மொத்தமும் புதிதாக எழுதப்படும், பழைய பிரதியும் பேக் வரும்வரை கோப்பிலேயே இருக்கும். 200 கேபி பிக்கிள் ஆயிரம் முறை எழுதப்பட்டால் 200 எம்பி. தற்போதைய பிரதியை மட்டும் அளந்திருந்தால் 200 கேபி என்று பார்த்துவிட்டு யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்: ஓர் ஆப்ஜெக்ட் எவ்வளவு பெரியது என்பதோடு எத்தனை முறை எழுதப்படுகிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

டிக்ஷனரியை ஓஓபிட்ரீயாக (சாவிகளைப் பக்கெட் என்ற சிறு ஆப்ஜெக்டுகளாகப் பிரித்து வைக்கும் மர அமைப்பு) மாற்றினோம். அதன் ஒரு பக்கெட்டில் அதிகபட்சம் 30 சாவிகள்தான். எண் மாறினால் அந்த ஒரு பக்கெட் மட்டும் எழுதப்படும்.

உங்களுக்கு என்ன மாதிரி அமைந்தது?

*

நல்ல பதிவு. பிட்ரீக்கு மாறிய பிறகு வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பக்கெட்டுகள் எல்லாம் தனித்தனி ஆப்ஜெக்ட் என்பதால் தாயை மட்டும் அளந்தால் அளவு ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். ஒரு ஃபோல்டருக்கு உண்மையில் எவ்வளவு இடம் என்று தெரிய, பிக்கிள் சுட்டும் மற்ற ஆப்ஜெக்டுகளைப் பட்டியலிடும் ரெஃபரன்ஸஸ்எஃப் என்ற ஃபங்ஷன் தரும் ஓஐடிகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். பார்த்த ஓஐடிகளை ஒரு செட்டில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆப்ஜெக்ட் இரண்டு மூன்று தடவை எண்ணப்படும்.

எங்கள் தளத்தில் இப்படி இறங்கியபோது ஒரு குட்டி ஃபோல்டருக்கு முழு டேட்டாபேஸின் அளவே விடையாக வந்தது. உள்ளே இருந்த ஆப்ஜெக்டுகள் ஒவ்வொன்றும் தன் பேரன்டைச் சுட்டிக்கொண்டிருந்தன. நடை அந்தச் சுட்டி வழியாக மேலே ஏறி, வேர் வரை போய், அங்கிருந்து எல்லாக் கிளைகளையும் எண்ணிவிட்டது. பேரன்ட் ஓஐடியை முன்கூட்டியே 'பார்த்தாயிற்று' என்று குறித்துவிட்டு மறுபடி ஓட்டினோம், சரியான எண் வந்தது. மேலே போகும் சுட்டி வேறு பெயர்களிலும் இருக்கலாம், அதையும் தேடிப் பாருங்கள்.

*

எங்களுக்கு உண்மையிலேயே கோப்புகள்தான் பிரச்சினை. ப்ளாபாக, அதாவது டேட்டா.எஃப்எஸ்ஸுக்கு வெளியே தனிக் கோப்பாக, வைத்தால் டேட்டாபேஸில் இருப்பது மிகச் சிறிய பதிவு மட்டும், உள்ளடக்கம் வேறு டைரக்டரியில். லோட் செய்து நீளம் பார்த்தால் எதுவும் தெரியாது, அந்தக் கோப்பைத்தான் அளக்க வேண்டும். அதிலும் கோப்பு அளவும் வட்டில் பிடிக்கும் இடமும் ஒன்றல்ல. வழக்கமான புஷி (டைரக்டரிகள் கிளை கிளையாக விரியும்) அமைப்பில் ஒவ்வொரு ப்ளாபுக்கும் ஒரு தனி டைரக்டரி. வட்டில் இடம் ஒதுக்கும் அலகான பிளாக் 4096 பைட் என்றால் 1 கேபி கோப்பு ஒன்று, தன் டைரக்டரியோடு சேர்ந்து, 8 கேபியைப் பிடித்துவிடும். சின்னச் சின்ன தம்ப்நெயில்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இது பெரிய தொகை. அவற்றை மட்டும் ப்ளாப் ஆக்காமல் சாதாரண ஆப்ஜெக்டாகவே விட்டோம்.

*

முதல் பதிவர் கவனத்துக்கு: இட்டரேட்டரில் கூட்டும்போது அன்டூ செய்த (முந்தைய மாற்றத்தை ரத்து செய்த) பரிவர்த்தனைகளைத் தனியாகப் பாருங்கள். அன்டூ பதிவில் பொதுவாகத் தரவு இருக்காது, பழைய பதிவின் இடத்தைச் சுட்டும் 8 பைட்தான் இருக்கும். இட்டரேட்டரோ பழைய தரவையே எடுத்துத் தரும். நீளத்தை அப்படியே கூட்டினால் இல்லாத இடத்தை எண்ணுவீர்கள். பதிவின் டேட்டா_டிஎக்ஸ்என் பண்பு வெறுமையாக இல்லையென்றால் அது அந்த வகை. ஜீலிப் சுருக்கம் போட்டிருந்தாலும் இதே கதைதான், மேலடுக்கு விரித்த பைட்டுகளைக் கொடுக்கும், வட்டில் இருப்பது அதைவிடக் குறைவு.

பேக் செய்வதற்கு முன் காலி இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கோப்பு முழுதாக எழுதி முடிந்த பிறகுதான் பழையது டேட்டா.எஃப்எஸ்.ஓல்டு என்று பெயர் மாறும், அதுவும் நீங்களாக அழிக்கும்வரையோ அடுத்த பேக் அதை மாற்றும்வரையோ அங்கேயே கிடக்கும். வட்டு நிரம்பும் நிலையில் பேக்கை ஓட்டாதீர்கள்.