அல்சைமருக்கு வலி மாத்திரையா? மைக்ரோகிளியா பற்றி ஒரு கேள்வி

பாளை_முருகன்:
அம்மாவுக்கு 71 வயது. போன ஆவணியில் அல்சைமர் ஆரம்ப நிலை என்று சொன்னார்கள். இரவில் மறதிக்கான டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம். முன்பே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல்லும் உண்டு. தெருவில் சீட்டுப் பிடித்து, முப்பது பேர் கணக்கை நோட்டே இல்லாமல் மனதில் வைத்திருந்தவர். இப்போது பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுக்கிறார்.

மஸ்கட்டில் இருக்கும் அத்தான் ஒரு வீடியோ அனுப்பினார். மூளையில் மைக்ரோகிளியா என்று காவல் செல்கள் இருக்கின்றனவாம். அவை வெறி பிடித்து நரம்பு செல்களைத் தின்பதுதான் அல்சைமராம். தினமும் நேப்ராக்சன் என்ற வலி மாத்திரையும் மஞ்சள் கேப்சூலும் சாப்பிட்டால் அந்த அழற்சி அடங்கும் என்கிறார்கள். கேப்சூல் பாட்டில் வீட்டுக்கே வந்துவிட்டது. டாக்டரிடம் விரிவாகக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. உண்மையிலேயே இந்த செல்கள்தான் காரணமா? அப்படியென்றால் ஏன் எல்லா டாக்டர்களும் அதை அடக்க மருந்து தருவதில்லை?

ஸ்லைடு_தாத்தா:
தம்பி, முதலில் நேப்ராக்சனை நிறுத்தி வையுங்கள். குளோபிடோக்ரெல் எடுப்பவர் தினமும் அதையும் சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடும். இதய நோய் உள்ளவருக்கு அந்த வகை மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பதே நல்லதல்ல. டாக்டரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள், அதற்கு அரை நிமிடம் போதும்.

சரி, செல் கதைக்கு வருவோம். ஓய்வு பெறும் வரை மூளைத் திசுவைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நோயில்லாத மூளையில் மைக்ரோகிளியா மெல்லிய கிளைகளை நீட்டிக்கொண்டு, ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழையாமல் இடைவெளி விட்டு நிற்கும். அல்சைமர் மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவைச் சுற்றி உடல் பருத்து, கிளைகள் குட்டையாகி, நெருக்கியடித்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் ‘இதுதான் நாசம் செய்கிறது’ என்றே தோன்றும். ஆனால் தீப்பிடித்த வீட்டு வாசலில் நிற்பவன் தீ வைத்தவனா, அணைக்க வந்தவனா என்று புகைப்படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இறந்தவர் மூளையிலிருந்து எடுத்த ஸ்லைடும் ஒரு புகைப்படம்தான்.

வீடியோ சொன்னதில் பாதி சரி. 2016-ல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்றில், அமிலாய்டு படிவு சேர்வதற்கு முன்னாலேயே மைக்ரோகிளியா நரம்பு இணைப்புகளை விழுங்குவது தெரிந்தது. C1q என்ற நோயெதிர்ப்புப் புரதத்தைத் தடுத்தபோது இணைப்பு இழப்பு குறைந்தது. குழந்தைப் பருவத்தில் வேண்டாத இணைப்புகளைக் கழித்துக்கட்ட மூளை பயன்படுத்தும் அதே வழிமுறைதான், முதுமையில் தப்பான நேரத்தில் மறுபடி விழித்துக்கொள்கிறது.

வீடியோ விட்டுவிட்ட மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் TREM2 என்று ஒரு ஏற்பி உண்டு. சுற்றிலும் கிடக்கும் கொழுப்பு, செல் கழிவு, அமிலாய்டு இவற்றை அந்த செல் உணர்வது அதன் வழியாகத்தான். 2013-ல் ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை ஆராய்ந்த குழுவும் வேறொரு பன்னாட்டுக் குழுவும் ஒரே சமயத்தில் ஒன்றைக் கண்டன. இந்த ஏற்பியைப் பலவீனமாக்கும் R47H என்ற அரிய மாற்றம் இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. TREM2-வின் இரண்டு பிரதிகளும் வேலை செய்யாமல் போனால் நாசு-ஹக்கோலா என்ற நோய் வரும். பின்லாந்திலும் ஜப்பானிலும்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. முதலில் எலும்பில் ஓட்டை விழும், நாற்பது வயது வாக்கிலேயே மறதிநோய் வந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். இந்த செல்கள் மூர்க்கமானவை, அடக்கிவிட்டால் போதும் என்றால், அவற்றின் வேலையைக் குறைக்கும் மரபணு மாற்றம் நோயைத் தடுக்க வேண்டுமே? நடப்பது நேர்மாறாக. படிவைச் சுற்றி வளைத்துக் கட்டிவைக்க முடியாத மைக்ரோகிளியாவும் ஆபத்துதான்.

உங்கள் அத்தானின் யோசனை புதிதல்ல. மூட்டுவாதத்துக்கு அழற்சி மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களிடம் அல்சைமர் குறைவாக இருப்பதை வான்கூவரில் பேட்ரிக் மக்கீர் குழு கவனித்தது. நியாயமான ஊகம்தான். அதைச் சோதிக்க அமெரிக்காவில் 2001-ல் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கினார்கள். 70 வயது தாண்டிய, குடும்பத்தில் அல்சைமர் உள்ள 2,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு நேப்ராக்சன், அதே போன்ற செலிகாக்சிப் என்ற இன்னொரு வலி மாத்திரை அல்லது வெற்று மாத்திரை. இதயம் பற்றிய பயத்தால் 2004 டிசம்பரில் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். நினைவாற்றலுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. மஞ்சளையும் விடவில்லை. ஹாங்காங்கில் அல்சைமர் நோயாளிகளுக்கு ஆறு மாதம் மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொடுத்துப் பார்த்ததில் (2008) முன்னேற்றம் இல்லை. குர்குமின் ரத்தத்தில் சேர்வதே சொற்பம். குழம்பில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது!

அப்போது இந்த செல்களை ஊக்குவித்தால்? அதையும் செய்தாயிற்று. TREM2-வைத் தூண்டும் AL002 என்ற ஆன்டிபாடி (குறிவைத்த பொருளில் போய் ஒட்டும் புரத மருந்து) 2024 நவம்பரில் மனிதப் பரிசோதனையில் தோற்றது. நோயின் எந்தக் கட்டத்தில், மூளையின் எந்தப் பகுதியில், எந்த மைக்ரோகிளியா என்று பிரித்துப் பார்க்காமல் ‘கூட்டு’, ‘குறை’ என்று திருகினால் வேலை நடக்காது. டாக்டர்கள் எழுதித் தராததற்குக் காரணம் இதுதான், கஞ்சத்தனம் இல்லை.

வேலூர்_கலா:
சார், என் அப்பாவுக்கு பார்க்கின்சன். அதிலும் இதே செல்களா? இன்னொன்று, அல்சைமருக்கு லெகானமாப் என்று ஒரு ஊசி வந்திருக்கிறதே, அது மைக்ரோகிளியா மருந்து இல்லையா?

ஸ்லைடு_தாத்தா:
பார்க்கின்சனிலும் உண்டம்மா. 1982-ல் கலிபோர்னியாவில் தப்பாகத் தயாரித்த போதை மருந்தை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். உள்ளே இருந்தது MPTP என்ற நஞ்சு. அப்படிப் பாதிக்கப்பட்ட மூவர் பிற்பாடு இறந்தபோது மூளையை ஆராய்ந்தார்கள். நஞ்சு உடம்பில் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும், உடல் அசைவுக்குத் தேவையான டோபமினைச் சுரக்கும் செல்கள் இருக்கும் பகுதியில் மைக்ரோகிளியா கிளர்ச்சியோடுதான் இருந்தது. 1999-ல் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொடங்கி வைத்த காரணம் போன பிறகும் அழற்சி தானாக ஓடும் போலிருக்கிறது. ஆனாலும் நரம்பு செல் சாவதால் அழற்சியா, அழற்சியால் சாவா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

லெகானமாப் நேரடியாக மைக்ரோகிளியாவைக் குறிவைப்பதில்லை. அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி அது. ஒட்டியதை அடையாளம் கண்டு விழுங்குவதில் மைக்ரோகிளியாவுக்குப் பெரிய பங்கு. வீடியோ ‘தின்னி’ என்று திட்டும் செல்லைத்தான் இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்! 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நோய் நிற்கவில்லை, மெதுவானது. சுமார் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் APOE4 மரபணு இரண்டு பிரதி இருப்பவர்களுக்கு அபாயம் அதிகம். மூளையில் ரத்தக்கசிவும் வரலாம். முருகன், அம்மாவுக்கு இந்த ஊசி பற்றி யாராவது பேசினால் குளோபிடோக்ரெல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாளை_முருகன்:
நன்றி சார். இன்று டாக்டரைப் பார்த்தேன். நேப்ராக்சன் கூடவே கூடாது என்றார். மஞ்சள் கேப்சூலும் வேண்டாமாம், குளோபிடோக்ரெல்லோடு சேர்த்தால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு உண்டு என்றார். அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்பது மூன்றையும் சரியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காது டெஸ்ட் வியாழக்கிழமை. அத்தானுக்கு இந்தத் திரியின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.