பழைய வண்ணாரப்பேட்டை குடும்பக் குழு: அத்தை போனில் வரும் விளம்பரங்கள்

கலா அத்தை: முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று நேற்று ராத்திரி போனில் தேடினேன். காலையில் ராசிபலன் பார்க்கப் போனால் முழங்கால் பெல்ட், முழங்கால் ஆபரேஷன் என்று வரிசையாக வருகிறது. சமையல் குறிப்பைத் திறந்தாலும் அதேதான். என் கால் வலி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

சேகர் மாமா: நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறது என்கிறார்களே, அதுதான்.

திவ்யா: ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை மாமா. அத்தை, தைலம் பற்றி நீங்கள் படித்த பக்கம் திறந்த அதே நொடியில் விளம்பரக் கம்பெனிகளுக்கும் தகவல் போய்விடும். எந்தப் பக்கம், எந்த ஊர், என்ன போன் எல்லாம். உங்கள் பிரவுசரில் குக்கீ என்று ஓர் அடையாளத்தையும் போட்டு வைப்பார்கள். ராசிபலன் பக்கத்திலும் அதே கம்பெனி உட்கார்ந்திருந்தால், நேற்று தைலம் தேடியவர் இவர்தான் என்று கண்டுபிடித்துவிடும். ஆப்களுக்கென்று ஆண்ட்ராய்டு போனில் விளம்பர ஐடி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

சேகர் மாமா: இருக்கட்டுமே. நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? கலாவின் கால் வலி ஊருக்கே தெரியும்.

திவ்யா: கால் வலி சரி மாமா. குழந்தை தள்ளிப்போகிற ஒரு பெண், டாக்டரைத் தேடினால்? பணம் புரட்ட முடியாமல் தவிக்கிறவர் கடனுக்கு வழி தேடினால்? அவரைத் தேடிக் கடன் ஆப் விளம்பரம் வந்து நிற்கும். நம் தெருவில் ஒருவர் அப்படி ஓர் ஆப்பில் சிக்கியபோது, அவர் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்கினார்களே. கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. சொல்லியும் நடந்தது. கஷ்டத்தில் இருப்பவரை, கஷ்டம் தெரிந்தே துரத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அது நமக்கும் சேர்த்துத்தான்.

கார்த்தி: இன்காக்னிட்டோவில் பார்த்தால் போதாதா அக்கா?

திவ்யா: போதாது டா. பார்த்த பக்கங்களின் பட்டியல் உன் போனில் தங்காது, அவ்வளவுதான். வெளியே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கலா அத்தை: நான் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல் மா.

திவ்யா: முதலில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்று போய் விளம்பர ஐடியை டெலீட் செய்யுங்கள். அப்புறம் பயர்பாக்ஸ் பிரவுசர் இறக்கி, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள். இலவசம்தான். பின்தொடர்கிறவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தகவல் போகவே விடாது. போனில் உள்ள குரோமில் இதைச் சேர்க்க முடியாது.

சேகர் மாமா: விளம்பரம் இல்லாவிட்டால் செய்தி போடுகிறவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? அதையும் யோசி.

திவ்யா: நியாயமான கேள்வி மாமா. பேப்பரில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம் யார் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு அவர் பின்னாலேயே எம்.சி. ரோடு வரை வராது. அப்படி விளம்பரம் போட்டால் எனக்கு ஆட்சேபனையே இல்லை. நீங்கள் நம்புகிற செய்தித் தளத்துக்கு மட்டும் யூபிளாக்கை நிறுத்தி வைக்கலாம். சந்தா கட்டினால் இன்னும் நல்லது.

கார்த்தி: ஆப்களுக்குள் வருகிற விளம்பரம்?

திவ்யா: அதற்குப் பிரைவேட் டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்தைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்; யாரிடம் கேட்பது என்று நாமே வைக்கிற செட்டிங் இது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து இருக்கிறது. அங்கே, விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்கார்டு கம்பெனியின் டிஎன்எஸ் முகவரியைப் போட்டால், விளம்பர சர்வரின் பெயரைப் போன் கேட்கும்போதே வழி அடைபட்டுவிடும். யூடியூப் விளம்பரம் இதில் போகாது, வீடியோ வருகிற இடத்திலிருந்தே அதுவும் வருகிறது. இன்னொன்று, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இனி ஆட்கார்டுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு போடுங்கள்.

கலா அத்தை: என் சாம்சங்கில் அந்தப் பெயரே இல்லையே.

திவ்யா: கனெக்‌ஷன்ஸ் உள்ளே போய்க் கடைசியில் மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் பாருங்கள். முகவரியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், அப்படியே ஒட்டுங்கள். கையால் அடிக்காதீர்கள், ஒரு புள்ளி விட்டாலும் நெட் வராது.

கலா அத்தை: போட்டுவிட்டேன். நெட் வருகிறது. சமையல் பக்கத்தில் அந்தப் பெல்ட்டைக் காணோம், வெறும் கட்டம்தான் இருக்கிறது.

திவ்யா: அப்படித்தான் இருக்கும் அத்தை. ஸ்டேஷன் வைஃபை மாதிரி ஏதாவது திறக்க அடம்பிடித்தால் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆஃப் செய்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள்.

சேகர் மாமா: ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு அங்கே வருகிறேன். என் போனையும் பார்த்துக் கொடு.

திவ்யா: வாருங்கள் மாமா. அதற்குள் எந்தெந்த ஆப்புக்குக் கான்டாக்ட்ஸ் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு நம் வீட்டு நம்பர் எதற்கு?